அக்காவோடு குமானோவுக்கு

ஜப்பானில் ஒரு மலைப்பாதையில் நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் கணவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

"முட்டி வலின்னு மொட்டை மாடிக்கே ஏற மாட்டேங்கற. நீ போய் ஜப்பான்ல மலை ஏறப்போறியா?"

"மாடிக்குத் துணி காயப்போடப் போறப்பதாங்க முட்டி வலிக்குது," என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

எனக்கு அப்போது ஐம்பத்தோரு வயது. ஒரு பள்ளி அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு நின்றிருந்தேன். மகன் கல்யாணமாகி பெங்களூரில் இருந்தான். அதுவரை வீட்டு ஆள் துணையில்லாமல் நான் போன பெரிய பயணம், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கியதுதான். "நாலு பேர் சேர்ந்து திருப்பதி போயிட்டு வாங்களேன், நானே டிக்கெட் போட்டுத் தரேன்," என்று அவர் சமாதானத்துக்கு வந்தார். திருப்பதிக்கு நான் அவரோடு பலமுறை போயிருக்கிறேன். இந்த முறை நான் கேட்டது டிக்கெட் இல்லை. கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. சொன்னேன், அவ்வளவுதான்.

ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கிற ஐந்து பேர் நாங்கள். எங்களைச் சேர்த்தவர் அக்கா. அரசு அலுவலகம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. காசி, பத்ரி, கேதார் எல்லாம் தனியாகவே போய்வந்தவர். நடையை விடியலுக்கு முன் ஆரம்பித்தால்தான் நடை என்பார். யாராவது வரவில்லையென்றால் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கத்துவார். எனக்கு அவரைப் பார்த்து பயமும் உண்டு, ஆசையும் உண்டு. ஒரு பெண் இப்படி யாரையும் கேட்காமல் வாழலாம் என்பதை நான் அவரிடம்தான் முதலில் பார்த்தேன்.

இரண்டாவது ஆள் சிஸ்டர். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். மூன்றாவது, சிக்னலுக்குப் பக்கத்தில் சிமெண்ட், கம்பி விற்கும் கடைக்காரம்மா. அந்த ஊரிலேயே பிறந்தவர். அவர்கள் குடும்பம் நெல் விதைத்த இடத்தில்தான் எங்கள் தெருவே இருக்கிறது. கடைசி ஆள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. முதுகுவலிக்காக எங்களோடு சேர்ந்தவள். அவளைக் கம்பெனி சில மாதங்கள் ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வந்தவள் ஒரு நாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து போனில் படங்களைக் காட்டினாள். பனிமூட்டத்தில் வானளவு மரங்கள், பாசி படிந்த கல்படிகள். ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஜனங்கள் நடந்தே போய்ச் சாமி கும்பிடுகிற பாதை, பெயர் குமானோ என்றாள்.

"யாத்திரையா? அப்ப நான் வரேன்," என்றார் அக்கா. அவ்வளவு சுலபமாக அது முடிவானது. கடைக்காரம்மாவுக்கு பாஸ்போர்ட்டே கிடையாது. எடுத்தார். சிஸ்டரை அவருடைய சபையில், வேற சாமி கோயிலுக்கு எதுக்குப் போறீங்க என்று கேட்டார்களாம். "நான் நடக்கப் போறேன். கர்த்தர் அங்க இருக்க மாட்டாரா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வந்தார்.

பயிற்சிக்குத் திருநீர்மலைப் படிகளில் ஏறி இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகுப்பையில் அரிசியைப் போட்டுக்கொண்டு வண்டலூர் வரை நடந்தோம். புடவையும் சுடிதாருமாக, காலில் ஷூவோடு, முதுகில் மூட்டையோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசையாகப் போகும் பெண்களை வேடிக்கை பார்க்காமல் விடுவார்களா? டீக்கடையில் நின்ற ஒருவர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னாமா, வூட்ட காலி பண்ணிகினு போறீங்களா?"

"ஆமா நைனா," என்றார் கடைக்காரம்மா, நடையை நிறுத்தாமல். "நீ போய்ப் பெருக்கி வுடு."

தீபாவளி முடிந்த கையோடு கிளம்பினோம். மீனம்பாக்கத்துக்கு என் கணவர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். வழி முழுக்க எதுவும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்றார். எடுத்துக்கொண்டிருந்தேன்.

பாதை ஒரு சிறிய கோயிலின் பின்பக்கத்தில் தொடங்குகிறது. தொடங்கியதுமே செங்குத்து. மரவேர்கள்தான் படிகள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பாறை, அதில் ஒரு ஆள் ஊர்ந்து நுழையும் அளவுக்கு இடுக்கு. அதற்குள் புகுந்து வெளியே வந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்பது அங்கே நம்பிக்கை என்று ஐ.டி. பெண் சொன்னாள்.

"எனக்கு ரெண்டும் சிசேரியன். இனிமே நுழைஞ்சு இன்னா பிரயோஜனம்?" என்றார் கடைக்காரம்மா. சொல்லிவிட்டு முதல் ஆளாக நுழைந்தார். பாதியில் மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து அவர் எங்கள் எல்லோரையும் திட்டியது மலை முழுக்கக் கேட்டது. சிஸ்டரும் நானும் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். சட்டையெல்லாம் மண். நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு ஜப்பான் தம்பதி நின்று, புரியாமலேயே அவர்களும் சிரித்தார்கள்.

என் முட்டி வலித்தது. மறைக்க மாட்டேன். முதல் மேட்டிலேயே மூச்சு அடைத்து, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் யாரும் என்னிடம் "முடியலைன்னா விட்டுடு" என்று சொல்லவில்லை. நாற்பதாண்டுகளாக நான் கேட்டுப் பழகிய அந்த வாக்கியம் அந்த மலையில் இல்லை. நின்றேன், மூச்சு வாங்கினேன், மறுபடி நடந்தேன். சாயங்காலம் மலை முகட்டில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கிடந்தது. அக்கா கைகூப்பினார். நான் ஷூவைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் அப்படியே படுத்துவிட்டேன்.

தங்கிய வீடுகளில் பாய் விரித்த அறைகள், தரையில் மெத்தை. சாப்பாட்டில் எல்லாவற்றிலும் மீன் வாசம். அக்கா சைவம். வெறும் சோற்றை வாங்கி, தான் கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டார். எங்களுக்கும் உருட்டிக் கையில் வைத்தார். வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்க்க, அவருக்கும் ஒரு உருண்டை. அந்த அம்மாள் கண்ணில் தண்ணீர் வர வர மென்றுவிட்டு இன்னொன்று கேட்டார். அக்கா அன்று சந்தோஷமாக இருந்தார். என் காலில் அவரே தைலம் தேய்த்துவிட்டார். இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டிய நாளின் காலையில் எனக்குத் தூரமானது.

பல மாதங்களாக வரவில்லை. முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். பையில் எதுவும் வைத்திருக்கவில்லை. ஐ.டி. பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் எடுத்துக்கொடுத்தபோது அக்கா கூந்தலைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, இன்னிக்குப் போயா?" என்றார்.

"நான் என்னக்கா பண்ண?"

"உன்னைச் சொல்லல. ஒண்ணு பண்ணு. நீ பஸ்ல போயிடு. கோயில் வாசல்ல கடை ஏதாவது இருக்கும், உட்காரு. நாங்க நடந்து வந்து சாமி பார்த்துட்டு உன்னைக் கூட்டிக்கறோம்."

கோபமாகச் சொல்லவில்லை. ஏற்பாடு செய்கிற குரலில் சொன்னார். அந்தக் குரல்தான் எனக்கு ஆகவில்லை. அதே குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். என் தம்பி வண்டலூரில் வீடு கட்டியபோது அந்த மனையை அலைந்து பார்த்துக் கொடுத்தவள் நான். கிரகப்பிரவேசத்தன்று எனக்கு இதே போல ஆனது. "பக்கத்து மனைல நிழல் இருக்கு, சேர் போட்டுத் தரச் சொல்றேன்," என்றார்கள். கட்டிக்கொண்டிருந்த வேறு யாருடைய வீட்டிலோ, மணல் குவியலுக்குப் பக்கத்தில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹோமப் புகை என் பக்கம்தான் வந்தது. பொங்கலைத் தொன்னையில் வைத்துத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நான் நடந்துதான் வருவேன்கா," என்றேன்.

"நட. யாரு வேணாங்கறா? உள்ள மட்டும் வராத."

"உள்ளயும் வருவேன்."

அக்கா என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பையை எடுத்து மாட்டிக்கொண்டு முதலில் வெளியே போய்விட்டார்.

அன்றைய நடை நீளமானது. மழை தூறிக்கொண்டே இருந்தது. அக்கா எங்கள் எல்லோருக்கும் முன்னால் தனியாகப் போனார். எனக்கு அடிவயிறு இழுத்தது, தொடை கனத்தது. சிஸ்டர் மாத்திரை கொடுத்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்தும் கொடுத்தார். "நாப்பது வருஷம் ஆஸ்பத்திரில பார்த்திருக்கேன். ரத்தம் ரத்தம்தான்," என்றார்.

மத்தியானத்துக்குமேல் ஒரு மேட்டில் சின்ன ஓய்வுக் குடில் வந்தது. அங்கிருந்து கோயில் ஊர் முதல் தடவையாகத் தெரியும். அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். ஐ.டி. பெண் அங்கிருந்த பலகையைப் படித்தாள். அவள் முகம் மாறியது.

"ஆன்ட்டி, இங்க வாங்க. இத கேளுங்க," என்று கத்தினாள். முன்னொரு காலத்தில் ஒரு பெண் இந்த இடம் வரை நடந்து வந்தாளாம். இங்கே வந்ததும் அவளுக்குத் தூரமாகிவிட்டதாம். இனி சாமி பார்க்க முடியாது என்று அழுது இங்கேயே தங்கிவிட்டாளாம். அன்று கனவில் அந்தச் சாமியே வந்து, எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ வா என்று சொல்லிற்றாம்.

கடைக்காரம்மா கைதட்டினார். "பாத்தியாக்கா! அந்தச் சாமியே ஓகே சொல்லிச்சாம். நீ இன்னா பேஜார் பண்ணிகினு கீற?"

அக்கா திரும்பவில்லை. "அது அவங்க ஊர் சாமி சொன்னது. நம்ம சாமி சொல்லல."

"நாம இப்ப அவங்க ஊர் சாமியத்தானேக்கா பார்க்கப் போறோம்?" என்றேன்.

ஐ.டி. பெண் என் தோளைக் கட்டிக்கொண்டு, "ஹேப்பியா ஆன்ட்டி? பர்மிஷன் கெடைச்சாச்சு," என்றாள். குழந்தை, நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அனுமதி கேட்கவே இல்லையே. அந்தப் பலகையில் அந்தச் சாமி வராதே என்று சொன்னதாக எழுதியிருந்தாலும் நான் போயிருப்பேன். காலையில், வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டும்போதே அது முடிவாகிவிட்டது. அதை அவளிடம் சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சூப்பர் ஆன்ட்டி," என்றாள், சத்தமில்லாமல்.

கோயிலுக்கு நீளமான கல்படிகள். இரண்டு பக்கமும் துணிக்கொடிகள். அவற்றில் மூன்று கால் உள்ள காக்கையின் படம், அந்தச் சாமியின் தூதனாம். காக்கையைப் பார்த்ததும் அக்கா தானாகக் கைகூப்பினார். பிறகு படியின் ஓரத்தில் இருந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

"நீ ஏறறதா இருந்தா நான் ஏறல," என்றார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அறுபதைத் தாண்டியவர், காலெல்லாம் கொப்புளம், இத்தனை மலை நடந்து வந்தது இந்தப் படிக்காகத்தான். மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒதுங்கினால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு பெஞ்சு, கொஞ்ச நேரம். வயதில் பெரியவர், விட்டுக்கொடு. பெண்களை ஒதுக்கி உட்காரவைக்க எப்போதும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. யாரோ ஒருவர் மனம் நோகும் என்கிற ஒரு காரணம்.

"உங்க இஷ்டம்கா," என்றேன். "நான் உங்களை வர வேணாம்னு சொல்லல. நீங்கதான் என்னைச் சொல்றீங்க."

ஏறினேன். பாதி தூரம் தனியாகத்தான் ஏறினேன். பிறகு பின்னால் கடைக்காரம்மாவின் மூச்சிரைப்பு கேட்டது. அப்புறம் மற்ற இருவரும். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

மேலே மர வாசல், வெள்ளைத் திரை, உள்ளே பழுப்பேறிய கூரைகளோடு சன்னிதிகள். மழையில் யாருமே இல்லை. அங்கே இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி குனிய வேண்டும். கைதட்டினேன். அந்த இடத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. தெய்வம் தெரிந்தது, மெய்சிலிர்த்தது என்றெல்லாம் எழுத ஆசைதான், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. வயிறு வலித்தது. கோபம் இருந்தது. கும்பிட எதுவும் தோன்றவில்லை. வந்துட்டேன், என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். வெளியே நின்று தொன்னையில் வாங்கிக்கொள்ளாமல், மற்றவர்களைப் போல நேராக நின்று பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

நாங்கள் இறங்கி வந்த பிறகு அக்கா எழுந்தார். கை கழுவும் தொட்டியில் கையையும் வாயையும் நெடுநேரம் கழுவினார். பின் ஒவ்வொரு படியாகத் தனியாக ஏறிப் போனார். சிஸ்டர் துணைக்குப் போகப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். அவர் இறங்கி வரும் வரை நாங்கள் நால்வரும் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அன்று தங்கிய ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளியல். எல்லோரும் ஒன்றாக இறங்கும் தொட்டி. அதில் நான் இறங்கவில்லை. பலர் முங்கும் தண்ணீர். அது சுத்தத்தைப் பற்றிய விஷயம், எனக்கு அதில் ஒரு வழக்கும் இல்லை. அறையில் குளித்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்தார். அவருடைய குதிகால் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. என் மடியில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன.

"காட்டுங்கக்கா, போட்டு விடறேன்."

அவர் காலை நீட்டினார். பாதி நீட்டி இழுத்துக்கொண்டார். "சிஸ்டர் வரட்டும்," என்றார்.

பிளாஸ்திரியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அன்று படியில் ஏறியதைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. இரண்டு நாளுக்கு முன் என் காலைத் தேய்த்துவிட்டவர் அவர்.

ஊர் திரும்பினோம். என் கணவர் ஒரு வாரத்தில் தோசை ஊற்றப் பழகியிருந்தார். ஓரம் கருகினாலும் தோசைதான். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, இதெல்லாம் வெளில யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத," என்றார். வெளியில் எல்லோரிடமும் சொன்னேன். நாத்தனாரிடம் சொன்னேன். தம்பி பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் போனில், "எனக்கு அன்னிக்கே கஷ்டமாத்தான் அண்ணி இருந்துச்சு," என்றாள். இருந்திருக்கலாம். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று பதில் சொன்னேன். எனக்கு அதன் பிறகு தூரம் வரவில்லை. இனி ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு நின்றுவிட்டது என்பதற்காக ஊரில் எல்லோருக்கும் நின்றுவிட்டதா?

அக்கா தெருவில் ஒன்றிரண்டு வீடுகளில், அவ திமிர் பிடிச்சவ என்று சொன்னதாகக் காதுக்கு வந்தது. அடுத்து வந்த நவராத்திரிக்கு என்னைக் கூப்பிடவில்லை. நடைக்கு மட்டும் நான் போவதை நிறுத்தவில்லை. அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். முதல் சில வாரங்கள் ஏரிக்கரையில் எங்கள் இருவருக்கும் நடுவில் மற்ற மூன்று பேரும் படாத பாடு பட்டார்கள். "ரெண்டு பேரும் வேற வேற டயத்துக்கு வாங்களேன்," என்றார் கடைக்காரம்மா. முடியாது என்றேன். இது என் நடை நேரமும்தான்.

போன மாதம் ஒரு நாள் மற்றவர்கள் யாரும் வரவில்லை. ராத்திரி பெய்த மழையில் கரை சேறாகிக் கிடந்தது. அக்காவும் நானும் மட்டும். அவர் கொஞ்ச தூரம் போய் நின்றார். நான் பக்கத்தில் வந்ததும், என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் எங்க போலாம்னு கேக்கறா. நேபாளத்துல ஏதோ கோயிலாம்."

"போலாம்கா," என்றேன். "ஆனா எங்க போனாலும் நான் உள்ள வருவேன்."

அவர் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்தார்.

"வேகமா நட. வெயில் ஏறப்போகுது," என்றார்.

நடந்தோம்.